ராஜபாளையம் நாய்க்கு இணை தேர்ந்தெடுப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ராஜபாளையம் பெட்டை நாய் ஒன்றை வளர்ப்பவர்கள், அது முதல்முறை பருவத்துக்கு வந்ததும் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “பக்கத்தில் நல்ல வெள்ளைக் கடுவன் எங்காவது இருக்கிறதா?” இந்தக் கேள்வியில் உள்ள ‘பக்கத்தில்’, ‘வெள்ளை’ என்ற இரண்டு சொற்களும் இந்த இனத்துக்கு நிறையத் தீங்கு செய்திருக்கின்றன என்பது என் எண்ணம். பக்கத்துத் தெருவில் இருக்கும் கடுவன் பல நேரங்களில் உங்கள் பெட்டைக்கு உறவாகவே இருக்கும். வெள்ளையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த கடுவனின் குட்டிகளில் காது கேளாதவை பிறக்கக்கூடும். வீட்டில் ஒரு பெட்டையை வைத்துக்கொண்டு முதல்முறையாகக் குட்டி எடுக்க நினைப்பவருக்காக, எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களை வளர்ப்பவர்களுக்கும், வெள்ளை நிறம் பற்றிய பகுதியைத் தவிர மற்றவை பொருந்தும்.

குட்டி எடுக்கத்தான் வேண்டுமா

ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டையின் உடம்புக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடலாம்; வயதான பெட்டைகளின் உயிரைப் பறிக்கும் கருப்பைச் சீழ் நோயின் ஆபத்தும் அதனால் நீங்கும். குட்டி எடுப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது: உங்கள் நாயிடம் இந்த இனத்துக்குத் தேவையான ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும் பொறுமையும் இடமும் உங்களிடம் இருக்க வேண்டும். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் பிறக்கலாம். அவற்றுக்கு வீடு அமையாவிட்டால் அத்தனையையும் நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் இந்த ஆண்டு வேண்டாம்.

சட்டமும் சில எல்லைகளை வகுத்திருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகள் வந்தன. விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் இணை சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இவை குறைந்தபட்ச எல்லைகள்தாம். பரம்பரையாக வரும் தோல் நோய்களும் கோழைத்தனமும் வெளியே தெரிய நாளாகும் என்பதால், பெட்டைக்கு இரண்டு வயது முடியும் வரை காத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இனச் சாயலைக் கண்ணில் ஏற்றிக்கொள்வது

இனச் சாயல் என்பது, தொலைவில் நாய் நடந்து வரும்போதே இது ராஜபாளையம் என்று சொல்லவைக்கும் மொத்தத் தோற்றம். தனித்தனி உறுப்பைப் பற்றிய பட்டியலை மனப்பாடம் செய்து அதைப் பெற முடியாது. நிறைய நாய்களைப் பார்த்தே ஆக வேண்டும். இணை தேடத் தொடங்குவதற்கு முன் குறைந்தது இருபது நாய்களையாவது நேரில் பாருங்கள். நாய்க் கண்காட்சிகளில் பாதியைப் பார்த்தால், மீதியை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் காவல் காக்கும் நாய்களாகப் பாருங்கள். கண்காட்சி நாய் நிற்பதைக் காட்டும். தோட்டத்து நாய் ஓடுவதையும் குரைப்பதையும் அந்நியரைக் கண்டால் என்ன செய்கிறது என்பதையும் காட்டும்.

நல்ல ராஜபாளையத்தின் உயரம் தோள்மேட்டில் ஏறக்குறைய 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஆழமான மார்பு, உள்ளே ஏறிய வயிறு, நீண்ட நேரான கால்கள், மடிந்து தொங்கும் காதுகள், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள், கழுத்தில் சற்றே தளர்ந்த தோல், உடம்போடு ஒட்டிய குட்டை முடி ஆகியவை இதன் அடையாளங்கள். சிப்பிப்பாறையையும் கன்னியையும் போல இதுவும் ஓடப் பிறந்த உடல்தான் என்றாலும், அவற்றைவிட எலும்பும் மார்பும் கனத்தவை. மெலிவுக்கும் பருமனுக்கும் நடுவிலுள்ள அளவைப் பிடிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்: ஒருபுறம் சிப்பிப்பாறை போல மெலிந்த வெள்ளை நாய், மறுபுறம் கிரேட் டேன் கலந்து உருட்டிவிட்டது போன்ற பெரிய வெள்ளை நாய். இரண்டையும் ராஜபாளையம் என்றே விற்கிறார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் வெவ்வேறு இனங்களாகவே பதிவு செய்திருக்கிறது. அந்த வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறியத் தெரியாதவர் இணை சேர்க்க அவசரப்படக் கூடாது.

இந்த நாய்களின் உருவம் வேலையால் அமைந்தது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பயன்பட்ட காலத்தில், மூச்சு வாங்கும் நாயும் பயந்து பின்வாங்கும் நாயும் தாமாகவே கழிந்துபோயின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை, அது நியாயமானதும்கூட. ஆனால் அதுவரை வேலையே செய்துவந்த தேர்வை இனி வளர்ப்பவர்தான் செய்ய வேண்டியிருக்கிறது. புகைப்படத்தை வைத்து அதைச் செய்ய முடியாது. திறந்த வெளியில் ஓடவிட்டுப் பாருங்கள்: பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழுகின்றனவா, நின்றதும் எவ்வளவு நேரத்தில் மூச்சு சீராகிறது, வெயிலில் எப்படி இருக்கிறது, திடீரென்று தட்டு கீழே விழுந்தால் ஒளிகிறதா அல்லது போய் முகர்ந்து பார்க்கிறதா என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் பெட்டையின் நிறைகுறைகளை எடைபோட வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதால், இதை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். உங்களைவிட நீண்ட காலம் இந்த இனத்தை வளர்த்த இருவரை வெவ்வேறு நாட்களில் அழைத்து, அவளிடம் உள்ள மூன்று நிறைகளையும் மூன்று குறைகளையும் சொல்லச் சொல்லுங்கள். இருவரும் சொன்ன ஒரே குறை எதுவோ, அதுதான் கடுவனைத் தேடும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் குறிப்பு.

காது கேட்கிறதா

என் பெட்டையின் முதல் ஈற்றில் ஏழு குட்டிகள் பிறந்தன. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் சமையலறையில் குக்கர் விசில் அடித்தபோது ஆறு குட்டிகள் தலையைத் தூக்கின. ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது. ஏழிலும் அதுதான் மிகத் தூய வெள்ளை. அதையே எனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். கடுவனைத் தேர்ந்தெடுத்தபோது அதன் காதைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை. அந்த நாளிலிருந்து, நாயின் உருவத்தைப் பேசுவதற்கு முன் காதைப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால்தான் தவிர்க்க முடியும். இந்த நாய்களின் வெண்மை, தோலுக்கு நிறம் தரும் செல்கள் கருவிலேயே அந்த இடங்களுக்கு வந்து சேராததால் ஏற்படுவது. அதே வகைச் செல்கள் உட்காதிலும் தேவைப்படுகின்றன. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் உயிரோடு இருக்கத் தேவையான திரவத்தின் சமநிலையைக் காக்க அவை உதவுகின்றன. அவை உட்காதுக்கு வராத குட்டிக்கு, பிறந்த மூன்று நான்கு வாரங்களில் அந்தப் பக்கத்து நுண்மயிர்ச் செல்கள் அழிந்துவிடும். பிறகு எந்த மருந்தும் பலிக்காது. எல்லா வெள்ளை நாய்க்கும் இப்படி நேர்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமோயெட் நாயும் வெள்ளைதான், ஆனால் அதன் மூக்கு கறுப்பு. அங்கே நிறமிச் செல்கள் இருக்கின்றன, முடியில் மட்டும் நிறம் வெளிறியிருக்கிறது. ராஜபாளையத்தின் மூக்கு இளஞ்சிவப்பு. நாம் அழகு என்று போற்றும் அந்த மூக்கே, நிறமிச் செல்கள் அங்கு வரவில்லை என்பதற்கான அடையாளம்.

இதே சிக்கல் மிகுதியாக ஆராயப்பட்ட இனம், வெள்ளை உடலில் புள்ளிகள் உள்ள டால்மேஷியன். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. மேலும் 22 விழுக்காட்டுக்கு ஒரு காது கேட்கவில்லை. நீலக் கண் உள்ள நாய்களிடம் காது கேளாமை அதிகம் என்பதும், பிறக்கும்போதே உடலில் பெரிய நிறத்திட்டு உள்ள குட்டிகளிடம் குறைவு என்பதும் தெரியவந்தன. நீலக் கண்ணைக் குறையாகக் கருதி ஒதுக்கும் பிரிட்டனில் காது கேளாமையும் அமெரிக்க அளவைவிடக் குறைவாக இருக்கிறது. இதிலிருந்து ராஜபாளையம் வளர்ப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைகள் மூன்று. இரண்டு காதும் கேட்கிறது என்று உறுதியாகாத நாயை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இணைக்குப் பயன்படுத்தக் கூடாது. நீலக் கண்ணோ, ஒரு கண் மட்டும் நீலமோ உள்ள நாயை விலக்க வேண்டும். காதிலோ முதுகிலோ சிறிய நிறத்திட்டு உள்ள, காது நன்றாகக் கேட்கும் நாயை அந்தக் காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது.

மூன்றாவதைப் பலர் ஏற்க மாட்டார்கள். நிறத்தோடு பிறந்த குட்டிகளைக் கழித்துவிடும் பழக்கம் இந்த இனத்தில் நெடுநாள் இருந்தது. தலைமுறைதோறும் நிறமிச் செல்கள் மிகக் குறைந்த குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டே வந்தால், காது கேளாமையையும் கூடவே தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறோம் என்பதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்காட்சியில் மதிப்பெண் குறையலாம். காது கேட்கும் குட்டிகள் பிறக்கும்.

சோதனையை இருவகையாகச் செய்யலாம். மூளைத்தண்டு வரை செல்லும் செவி நரம்பின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ‘பேர்’ (BAER) சோதனை, ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சரியாகக் காட்டும்; ஐந்து வாரக் குட்டி முதல் வளர்ந்த நாய் வரை எதற்கும் செய்யலாம். அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை என்பதால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் உங்களுக்கு அருகில் இருப்பதில் முன்கூட்டியே விசாரியுங்கள். வீட்டிலேயே செய்வதானால், நாயைத் தனியாக ஓர் அறையில் வைத்து, அது தூங்கும்போதோ வேறெங்கோ பார்க்கும்போதோ, காற்றோ தரை அதிர்வோ அதை எட்டாத தூரத்தில் இருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கூட்டத்தில் உள்ள குட்டியை இப்படிச் சோதிக்க முடியாது. காது கேளாத குட்டி மற்றவற்றைப் பார்த்து அப்படியே செய்யும். வீட்டுச் சோதனை இரு காதும் கேளாத நாயைக் காட்டுமே தவிர, ஒரு காது மட்டும் கேளாத நாயைக் காட்டாது என்பதை மறக்காதீர்கள்.

உறவைக் கணக்கிடுவது

அடுத்த படி, வம்சப் படம் வரைவது. ஒரு பெரிய தாளில் உங்கள் பெட்டைக்கு மூன்று தலைமுறை முன்னோர்களை எழுதுங்கள். கடுவனுக்கும் அப்படியே எழுதுங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவான நாய் என்றால் சான்றிதழிலேயே முன்னோர் இருக்கும். கிராமத்து நாய்களுக்குக் காகிதம் இருக்காது. ஆனால் எந்த வீட்டுப் பெட்டைக்கு எந்த ஊர்க் கடுவன் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவர் சொன்னதை, அவருக்குத் தொடர்பில்லாத இன்னொருவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். “ஒரிஜினல் லைன்” என்று மட்டும் சொல்லி, தாய் தகப்பனைச் சொல்ல முடியாதவரின் நாயை விட்டுவிடுங்கள்.

இரண்டு படங்களிலும் ஒரே நாய் இருந்தால், பிறக்கும் குட்டிகளின் உள்ளுறவு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். முறை எளிது. கடுவனில் தொடங்கி, அதன் வழியே பொது முன்னோருக்கு ஏறி, அங்கிருந்து பெட்டைக்கு இறங்கும் பாதையில் மொத்தம் எத்தனை நாய்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அத்தனை முறை ஒன்றைப் பாதியாக்குங்கள். கடுவனுக்கும் பெட்டைக்கும் தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் பாதையில் கடுவன், தகப்பன், பெட்டை என்று மூன்று நாய்கள்; ஒன்றை மூன்று முறை பாதியாக்கினால் எட்டில் ஒன்று, அதாவது 12.5 விழுக்காடு. உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் தாய் வழியாக ஒரு பாதையும் தகப்பன் வழியாக ஒரு பாதையும் கிடைத்து, கூட்டினால் 25 விழுக்காடு வரும். தாத்தா பாட்டி இருவரும் பொதுவாக இருந்தால், அதாவது ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளாக இருந்தால், 6.25 விழுக்காடு. பொது முன்னோரே உள்ளுறவில் பிறந்திருந்தால் அளவு இன்னும் கூடும்.

இந்த எண் சொல்வது இதுதான்: குட்டியின் ஏதேனும் ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது. ஒரு நோயின் மரபணு ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை நாய் நலமாகவே தெரியும். அப்படிப்பட்ட இரண்டு நாய்கள் இணைந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோயோடு பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவு நாய்களைச் சேர்க்கும்போது, இரு பக்கமும் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது. ஈற்றில் குட்டிகள் குறைவதும், பிறந்த குட்டிகள் தாங்காமல் போவதும் அதன் பின்னால் வருபவை.

“ஒரே ரத்தத்தில் சேர்த்தால்தான் சாயல் மாறாது” என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. நெருங்கிய உறவில் பிறந்த குட்டிகள் ஒன்றுபோல இருக்கும். ஆனால் சாயலோடு சேர்ந்து மறைந்திருக்கும் நோயும் நிலைத்துவிடும்; ராஜபாளையம் போல எண்ணிக்கை குறைந்த இனத்தில் அதை வெளியேற்றப் புதிய ரத்தமும் எளிதில் கிடைக்காது. புதியவருக்கு நான் சொல்லும் எல்லை 6.25 விழுக்காடு, அதற்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஒரே இனத்துக்குள்ளேயே வேறு ஊர், வேறு வீட்டு வழியில் வந்த, சாயல் ஒத்த கடுவனைத் தேடினால் இந்த எல்லைக்குள் நிற்க முடியும். அதற்காக இருநூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தாலும் போய் வாருங்கள்.

கடுவனைத் தேர்ந்தெடுப்பது

கையில் பெட்டையின் குறைப் பட்டியல் இருக்கிறது. அந்தக் குறை இல்லாத கடுவன் வேண்டும். பெட்டைக்கு முதுகு நீளம் என்றால், முதுகு சரியாக அமைந்த கடுவனைப் பாருங்கள். மிகக் குறுகிய முதுகுள்ள கடுவனைச் சேர்த்தால் நடுவாக வரும் என்று எண்ணுவது தவறு. உடலமைப்பைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரண்டு எல்லைகளைச் சேர்த்தால் சில குட்டிகள் ஒரு பக்கமும் சில மறுபக்கமும் போகும், முன்பாதி ஒன்றும் பின்பாதி ஒன்றுமாகக்கூட அமையும். இரண்டு நாய்க்கும் ஒரே குறை இருந்தால் அந்த இணை கூடவே கூடாது.

கடுவனைவிட அதன் குட்டிகளைப் பார்ப்பதே மேல். முன்பு வேறு பெட்டைகளுக்குச் சேர்ந்திருந்தால், அந்த வீடுகளுக்குப் போய் ஒன்றரை வயதைக் கடந்த குட்டிகளைப் பாருங்கள். வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்தும் ஒரே நல்ல தோளோ தலையோ திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்தக் கடுவன் அதைக் கொடுக்கிறது என்று பொருள். அதன் தாய் தகப்பனும் உடன்பிறப்புகளும் இப்போது எப்படி இருக்கின்றன, எத்தனை வயதில் எதனால் இறந்தன என்று கேளுங்கள். குட்டிப் பருவத்தில் உடம்பெங்கும் பரவிய டெமோடெக்ஸ் சொறி வந்து ஆறிய நாய் இப்போது பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். அந்த நோய்க்கு இடங்கொடுக்கும் எதிர்ப்புச் சக்திக் குறைவு பரம்பரையாக வருவது.

குணத்தைக் கடைசியாக வைக்காதீர்கள். வீட்டுக்காரர் அருகில் இருந்து அனுமதித்த பிறகும் அந்நியரைக் கடிக்கப் பாயும் கடுவனையும், கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும் கடுவனையும் சமமாக விலக்க வேண்டும். ராஜபாளையம் ஒதுங்கி நிற்கும் நாய், எல்லாரிடமும் வாலாட்டாது. அந்த ஒதுக்கம் வேறு, பயம் வேறு. பயந்த நாய் பார்வையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒதுங்கிய நாய் உங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பரிசு வாங்கிய கடுவனிடம் எல்லாரும் ஓடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு வட்டாரத்துக் குட்டிகளில் பாதி அதற்கே பிறந்துவிட்டால், அடுத்த தலைமுறையில் உறவில்லாத இணை கிடைக்காது. அதற்குத் தெரியாத ஒரு நோய் இருந்தால் அது வட்டாரம் முழுவதும் பரவியிருக்கும். ஆகவே, பரிசு வாங்கிய நாயின் உடன்பிறந்த, பெயர் வாங்காத கடுவன் நன்றாக இருந்தால் நான் அதையே தேடிப் போவேன். பெரும்பாலும் அதே மரபு, ஆனால் ஊர் முழுவதும் குட்டிகள் இருக்காது.

வேறு இனத்தோடு கலப்பது பற்றியும் ஒரு வார்த்தை. டால்மேஷியன்கள் எல்லாவற்றுக்கும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகக்கூடிய குறை இருந்தது. மரபியலாளர் ராபர்ட் ஷைப்ல் 1973இல் ஒரு பாயின்டர் நாயை ஒரே ஒரு முறை சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து, அந்தக் குறை நீங்கிய, டால்மேஷியனாகவே தோன்றும் நாய்களை உருவாக்கினார். அவற்றை அமெரிக்கன் கென்னல் கிளப் முழுமையாக ஏற்க 2011 வரை ஆனது. இனச் சாயல் ஒரு கலப்பால் அழிந்துவிடாது என்பதற்கு இது சான்று. ஆனால் அது நோக்கம், பதிவேடு, பல ஆண்டுத் திட்டம் எல்லாவற்றோடும் நடந்தது. உருவம் பெருக்க வெளிநாட்டு நாயைச் சேர்த்து, பிறந்ததை ராஜபாளையம் என்று விற்பது வாங்குபவரையும் இனத்தையும் ஏமாற்றுவது. புதியவர் இரண்டு வேலைக்கும் போக வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன்னும் சேர்க்கும்போதும்

பருவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டு நாய்களுக்கும் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் முடித்துவிடுங்கள். நாய்களுக்கு வரும் புரூசெல்லா நோய்க்கான ரத்தச் சோதனையை இரண்டுக்கும் செய்யாமல் சேர்க்கக் கூடாது. சேர்க்கையால் பரவி, கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்கும் அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். கடுவன் வீட்டாருக்குப் பணமா, ஒரு குட்டியா, குட்டி என்றால் யார் முதலில் தேர்ந்தெடுப்பது, கரு தங்காவிட்டால் என்ன என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாததால்தான்.

ரத்தம் தெரிந்த முதல் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒன்பது நாளில் கசிவு வெளிறி, பெட்டை வாலை ஒதுக்கி நிற்கத் தொடங்கும். ஆனால் நாய்க்கு நாய் இது பல நாட்கள் வேறுபடும் என்பதால், பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு போவது பலிக்காமல் போகலாம். ஆறாம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தால் முட்டை வெளிவரும் நாள் தெரியும். வெளிவந்த முட்டை பக்குவமாக மேலும் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டாம் நாளில் ஒரு முறையும், 48 மணி நேரம் கழித்து மறுமுறையும் சேர்த்தால் போதும். பெட்டையைக் கடுவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள். தன் இடத்தில் கடுவன் தயங்காது. வளர்ப்பவர்கள் ‘லாக்’ என்று சொல்லும் பிணைப்பு அரை மணி நேரம்வரை நீடிக்கலாம். அப்போது இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம் உண்டாகும். முட்டை வெளிவந்த நாளிலிருந்து ஏறக்குறைய 63ஆம் நாள் குட்டிகள் பிறக்கும்.

குட்டிகள் பிறந்த பின்

பிறந்த அன்றே ஒவ்வொரு குட்டியின் எடை, நிறத்திட்டு, மூக்கின் நிறம் ஆகியவற்றை ஒரு நோட்டில் பதியுங்கள். கண் திறந்து சில வாரங்களில் கண்ணின் நிறத்தையும், ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு காதையும் எழுதுங்கள். காது கேளாத குட்டியைக் கழிக்க வேண்டாம். கை சைகைக்குப் பழக்கினால், சுற்றுச்சுவர் உள்ள ஒரு வீட்டில் அது நிறைவாக வாழும். ஆனால் வாங்குபவரிடம் அதைச் சொல்லியே கொடுக்க வேண்டும், உரிய வயதில் கருத்தடை செய்வதாக எழுதி வாங்க வேண்டும், எத்தனை குட்டிகளில் எத்தனைக்குக் காது கேட்கவில்லை என்பதைக் கடுவன் வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலர் தயங்குவது இந்தக் கடைசி வேலைக்குத்தான். ஒரு கடுவனைப் பற்றிய உண்மை ஊருக்குத் தெரியாமல் போவது அந்தத் தயக்கத்தால்தான்.

எட்டாம் வாரத்தில், இனம் தெரிந்த ஒருவரை அழைத்து, உங்களுக்கென்று எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது என்று கேளுங்கள். அந்த வயதில் உடலின் விகிதம் ஓரளவு தெரியும். பிறகு சில மாதங்கள் கால்கள் மட்டும் நீண்டு எதுவும் பொருந்தாதது போலத் தோன்றும், அப்போது முடிவெடுக்கக் கூடாது. மற்றக் குட்டிகளைக் கொடுக்கும்போது, எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் புண்ணாகும் என்பதால், நிழல் இல்லாத மொட்டைமாடியில் கட்டிப்போட நினைப்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கொடுத்த எல்லாக் குட்டிகளையும் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். உயரம், தோல், குணம், நோய், உயிரோடு இருக்கிறதா என்பது வரை அதே நோட்டில் குட்டி வாரியாக எழுதுங்கள். பெட்டையிடம் நீங்கள் திருத்த நினைத்த குறை எத்தனை குட்டிகளில் திருந்தியது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் திருந்தியிருந்து, புதிய குறை எதுவும் நுழையாமல் இருந்தால், உங்களிடம் உள்ள மகளுக்கு அடுத்த கடுவனைத் தேடத் தொடங்கலாம். திருந்தாமல் இருந்தால், அதே கடுவனிடம் மறுபடி போக வேண்டாம். நோட்டின் ஒரு நகலைக் கடுவன் வீட்டாருக்கும், இன்னொன்றை உங்கள் குட்டிகளில் இருந்து இனிக் குட்டி எடுக்கப் போகிறவருக்கும் கொடுங்கள்.